கழிவுநீர் சுத்திகரிப்பில் மெக்கானிக்கல் டிசைன் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி ஜூனியர்கள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், ஃபிளாட் சங்கச் செயலாளர், எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் என்று யாரைப் பார்த்தாலும் அதே சந்தேகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒருமுறை உட்கார்ந்து எழுதிவைத்துவிட்டால் அடுத்த தடவை "இதைப் படிச்சுட்டு வாங்க" என்று சொல்லிவிடலாமே என்ற சோம்பலில் எழுதியது இது. நான் இருப்பது சென்னையில், சுத்திகரிப்பு நிலையங்களை வடிவமைத்துக் கட்டிக்கொடுக்கும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் டிசைன் பிரிவில். பம்ப் தயாரிப்பாளர் பக்கம் இருப்பவரோ குடிநீர் வாரியத்தில் இருப்பவரோ எழுதினால் சில பதில்கள் வேறு மாதிரி இருக்கும்.

மெக்கானிக்கல் படிச்சுட்டு சாக்கடைத் தண்ணியில என்ன வேலை? அது சிவில்காரங்க வேலைதானே?

தொட்டி கட்டுவது சிவில். அந்தத் தொட்டிக்குள் சுற்றுவது, சுரண்டுவது, ஊதுவது, இறைப்பது, தூக்குவது எல்லாம் மெக்கானிக்கல். சாக்கடை உள்ளே வரும் வாய்க்காலில் குப்பையை வாரும் ஸ்கிரீன், மணலைப் பிரிக்கும் கிரிட் சேம்பர், பம்புகள், புளோயர், அது தரும் காற்றைச் சிறு குமிழிகளாக்கும் டிஃப்யூசர், தண்ணீரைத் தெளியவிட்டு, அடியில் படியும் சேற்றை நடுவுக்குத் தள்ளும் கிளாரிஃபயர், சேற்றைப் பிழியும் சென்ட்ரிஃப்யூஜ், இவற்றை இணைக்கும் பைப், வால்வு, கேட், இவை பழுதானால் தூக்கி எடுக்க மேலே ஓடும் கிரேன் வரை எங்கள் பட்டியல்தான்.

சிவில்காரருக்கும் எங்களுக்கும் நடுவே ஓடுவது ஒரு தாள்: எந்த இடத்தில் எத்தனை டன் எடை, ஸ்லாபில் எங்கே ஓட்டை, எந்த மட்டத்தில் போல்ட், சுவரில் எந்தப் பைப் புதைக்க வேண்டும். அது தாமதமானால் அவர்கள் கம்பி கட்டுவதே நின்றுபோகும். எங்கள் மேல் அவர்களுக்கு எப்போதும் ஒரு கோபம் இருக்கும், நியாயமான கோபம்தான்.

பிராசஸ் இன்ஜினியர்னு ஒருத்தர் இருக்காரே, அவரும் நீங்களும் ஒண்ணா?

இல்லை. பாக்டீரியா என்ன தின்னும், எத்தனை மணி நேரம் தண்ணீர் தங்க வேண்டும், மணிக்கு எவ்வளவு காற்று வேண்டும், எவ்வளவு சேறு திரும்பி வர வேண்டும் என்பது அவர் பாடு. அந்தக் காற்று எந்தப் புளோயரிலிருந்து, எத்தனை விட்டத்துப் பைப்பில், என்ன அழுத்தத்தில் போகும், பைப் எதன் மேல் உட்காரும், வால்வைத் திருப்ப ஆளுக்குக் கை எட்டுமா என்பது என் பாடு.

சின்ன நிறுவனங்களில் இரண்டையும் ஒரே ஆள்தான் பார்ப்பார். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது, ஆனால் தூக்கம் கொஞ்சம் குறையும்.

நாத்தத்துல எப்படி நாள் பூரா வேலை பார்க்கிறீங்க?

பெரும்பாலான நாள் ஏசி அறையில்தான். சைட்டுக்குப் போனாலும் நிலையம் முழுக்க நாறுவதில்லை. ஒழுங்காக ஓடும் ஏரேஷன் தொட்டி, அதாவது பாக்டீரியாவுக்குக் காற்று ஊதும் தொட்டி பக்கத்தில் நின்றால் ஈரமண் வாசம்தான் வரும். நாற்றம் தண்ணீர் உள்ளே வரும் முகப்பிலும், சேறு கையாளும் இடத்திலும்தான்.

நாற்றத்தைவிட நாற்றம் தெரியாமல் போவதுதான் ஆபத்து. அழுகிய முட்டை வாடைக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைட் 10 லட்சத்தில் 100 பங்கை நெருங்கும்போது மூக்கு மரத்துப்போய்விடும், வாடையே வராது. அந்த அளவே உடனடி உயிராபத்து என்று வகுக்கப்பட்டிருக்கிறது. அதனால் மூக்கை நம்பி எந்தக் குழிக்குள்ளும் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது, இடுப்பில் கேஸ் டிடெக்டர் இருந்தாக வேண்டும்.

ஒரு நாள்ல என்னதான் செய்வீங்க? ஆட்டோகேட்ல வரையறதா?

வரைவதைவிடச் சரிபார்ப்பதே அதிகம். டேட்டா ஷீட் தயாரித்து விற்பனையாளர்களுக்கு அனுப்புவது, அவர்கள் அனுப்பும் படத்தில் சிவப்பு மையால் கிறுக்குவது, பைப் போகும் வழியில் எலக்ட்ரிகல்காரரின் கேபிள் டிரே வந்து குறுக்கே படுத்திருப்பதற்குச் சண்டை போடுவது, அப்புறம் கணக்கு.

ஒரு உதாரணம். சப்மெர்சிபிள் பம்ப் படம் ஒன்று வருகிறது. பம்பின் அகலம் 820 மில்லிமீட்டர், ஸ்லாபில் விட்ட ஓட்டை 900க்கு 900. போதும் போலத்தான் தெரியும். ஆனால் பம்ப் தன்னை ஏற்றி இறக்க வழிகாட்டும் கம்பியான கைடு ரெயிலைப் பிடித்துக்கொண்டு மேலே வரும்போது அதன் எடைமையம் ஓட்டையின் நடுவில் இருக்காது, டிஸ்சார்ஜ் பக்கம் கொஞ்சம் தள்ளி இருக்கும். மேலே மோனோரெயில் கொக்கியோ ஓட்டையின் நடுக்கோட்டில் தொங்குகிறது. செயின் சாய்வாக இழுக்கும், பம்ப் ஓட்டை விளிம்பில் இடிக்கும். கொக்கியை 150 மில்லிமீட்டர் நகர்த்த வேண்டும். காகிதத்தில் ஒரு கோடு, கான்கிரீட் போட்ட பிறகு என்றால் பெரிய கதை. இந்த மாதிரி விஷயங்களிலேயே பொழுது போய்விடும்.

கணக்கு எங்கேர்ந்து ஆரம்பிக்கும் மேடம்?

ஆள் எண்ணிக்கையிலிருந்து. சாக்கடைத் திட்டங்களுக்கு மத்திய அரசின் சிபிஎச்இஇஓ அமைப்பு தந்த கையேடு, 2013 பதிப்பு, எங்கள் மேசையில் கிடக்கும் புத்தகம். ஆளுக்கு நாளுக்கு 135 லிட்டர் குடிநீர், அதில் 80 சதவீதம் சாக்கடையாகத் திரும்பும் என்று வைத்தால் 108 லிட்டர். 10 எம்எல்டி, அதாவது நாளுக்கு 1 கோடி லிட்டர் நிலையம் என்றால் ஏறக்குறைய 92,000 பேருக்கு.

இது சராசரி. ஆனால் ஊர் முழுக்கக் காலையில் ஒரே நேரத்தில் குளிக்கிறது. அதனால் இந்த அளவு மக்கள்தொகைக்கு உச்ச ஓட்டம் சராசரியைப்போல் 2.25 மடங்கு. சராசரி விநாடிக்கு 116 லிட்டர் என்றால் உச்சத்தில் 260 லிட்டர். பம்ப், ஸ்கிரீன், பைப் எல்லாம் இந்த 260-ஐத் தாங்க வேண்டும், அதே சமயம் ராத்திரி 3 மணிக்கு வரும் 50, 60 லிட்டரிலும் ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும். புதிதாக வருபவர்கள் உச்சத்தை மட்டும் பார்க்கிறார்கள். தொல்லை பெரும்பாலும் ராத்திரி ஓட்டத்தில்தான்.

ஸ்கிரீன்னா வெறும் கம்பி வலைதானே, அதுக்கு ஏன் இவ்வளவு காசு?

நிலையத்தின் மற்ற எல்லா இயந்திரங்களின் ஆயுளும் அந்தக் கம்பி வலையைப் பொறுத்தது. முதலில் 20 மில்லிமீட்டர் இடைவெளியில் கரடு ஸ்கிரீன், அப்புறம் 6 மில்லிமீட்டரில் மெல்லிய ஸ்கிரீன். சானிட்டரி நாப்கின், ஷாம்பு பாக்கெட், தேங்காய் நார், துணி, முடி, இப்போது வெட் வைப் வேறு. இவை தப்பிவிட்டால் கலக்கியின் இறக்கையில் சுற்றிக் கயிறாகத் திரியும், அந்தக் கயிறு பம்பை நிறுத்தும்.

ஒரு நுணுக்கம் சொல்கிறேன். 6 மில்லிமீட்டர் என்று இரண்டு பேர் விலை கொடுப்பார்கள். ஒருவர் தருவது செங்குத்துக் கம்பிகளுக்கு நடுவே 6 மில்லிமீட்டர் சந்து, இன்னொருவர் தருவது 6 மில்லிமீட்டர் வட்டத் துளைத் தகடு. எண் ஒன்றுதான், சரக்கு ஒன்றல்ல. முடியும் நாரும் சந்தில் நீளவாக்கில் வழுக்கிப் போய்விடும், துளைத் தகட்டில் பெருமளவு மாட்டிக்கொள்ளும். நுண்துளைச் சவ்வால் வடிகட்டும் மெம்பிரேன் நிலையம் என்றால் துளைத் தகடுதான், அதுவும் 1 முதல் 3 மில்லிமீட்டர். துளை சின்னதானால் சீக்கிரம் அடைக்கும், முன்னால் தண்ணீர் ஏறும். ஆகவே பாதி அடைத்த நிலையிலும் வாய்க்கால் வழியாமல் இருக்கிறதா என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் படத்தில் கையெழுத்து.

பம்பை கேட்லாக் பார்த்து எடுத்துட்டா போதாதா?

கேட்லாக் தருவது பம்பின் வளைகோடு மட்டும். அது எங்கே வேலை செய்யும் என்று முடிவு செய்வது உங்கள் பைப்பின் வளைகோடு. இரண்டும் வெட்டும் புள்ளிதான் நிஜம். கோயம்புத்தூரிலிருந்தும் அகமதாபாத்திலிருந்தும் வரும் நல்ல பம்புகளையே தவறான புள்ளியில் ஓடவிட்டு, பேரிங் போனதும் பம்ப் கம்பெனியைத் திட்டுகிறார்கள்.

சாக்கடை பம்புக்கு எஃபிஷியன்சிக்கு முன்னால் பார்க்க வேண்டியது எவ்வளவு பெரிய திடப்பொருள் உள்ளே புகுந்து வெளியே போகும் என்பது. 75 முதல் 100 மில்லிமீட்டர் உருண்டை தாராளமாகப் போக வேண்டும் என்று கேட்போம். இரண்டு சதவீதம் எஃபிஷியன்சிக்காக, பம்புக்குள் சுற்றும் சக்கரமான இம்பெல்லரின் வழியைக் குறுக்கினால் மாதத்துக்கு நாலு தடவை தூக்கிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும், அந்த மின்சார மிச்சம் கிரேன் வாடகைக்குக்கூடக் காணாது.

விஎஃப்டி போட்டுட்டா எல்லா ஓட்டத்துக்கும் சரியாயிடும்னு சொல்றாங்களே?

மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவிதான் விஎஃப்டி. அவர்கள் சொல்வது பாதிதான் உண்மை. மேலே சொன்ன 10 எம்எல்டி நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். தண்ணீரை 12 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற வேண்டும். முழு வேகத்தில், வால்வு மூடிய நிலையில் 20 மீட்டர் தரும் பம்ப் இருக்கிறது. பம்ப் ஏற்றக்கூடிய உயரம், அதாவது ஹெட், வேகத்தின் வர்க்கத்தில் குறையும், அதனால் வேகத்தை 75 சதவீதமாக்கினால் 11 மீட்டர் சொச்சம்தான் வரும். 12 மீட்டரைத் தாண்டாது. மோட்டார் சுற்றும், மின்சாரம் போகும், ஒரு சொட்டுத் தண்ணீர் நகராது, உள்ளே இருக்கும் தண்ணீர் சூடாகிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, பைப்பில் மணல் படியாமல் இருக்க விநாடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது வேண்டும். 500 மில்லிமீட்டர் பைப்பில் 260 லிட்டர் ஓடினால் 1.3 மீட்டர், நல்லது. ராத்திரி விஎஃப்டியை இறக்கி 60 லிட்டர் ஓடவிட்டால் 0.3 மீட்டர், மணல் அப்படியே படுத்துவிடும். அதனால் பல இடங்களில் மெதுவாக ஓட்டிக்கொண்டே இருப்பதைவிட முழு ஓட்டத்தில் ஓட்டி நிறுத்தி, மறுபடி ஓட்டுவதே மேல். விஎஃப்டியில் குறைந்தபட்ச வேகம் எவ்வளவு என்று நாம் எழுதிக் கொடுக்காவிட்டால் சைட்டில் யாரோ ஒருவர் தனக்குத் தோன்றியதை வைத்துவிடுவார்.

அவ்வளவு பெரிய கிளாரிஃபயருக்கு இத்துனூண்டு மோட்டாரா? வெண்டார் ஏமாத்துறானா?

ஏமாற்றவில்லை. 30 மீட்டர் விட்டம், சேற்றைச் சுரண்டிச் சுற்றும் இரண்டு கை உள்ள கிளாரிஃபயரை எடுத்துக்கொள்ளுங்கள். கையின் ஒவ்வொரு மீட்டருக்கும் சேறு 12 கிலோ எதிர்ப்பு தரும் என்று வைத்தால், முறுக்குவிசை என்பது அந்த 12 பெருக்கல் ஆரத்தின் வர்க்கம்: 12 பெருக்கல் 225, அதாவது 2,700 கிலோகிராம் மீட்டர். பெரிய எண். ஆனால் கையின் நுனி நிமிடத்துக்கு 2 மீட்டர்தான் நகரும், ஒரு சுற்றுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். சக்தி என்பது முறுக்குவிசையும் வேகமும் சேர்ந்தது, கணக்குப் போட்டால் 60 வாட்தான் வரும், வீட்டு சீலிங் ஃபேன் இழுக்கிற அளவு. கியர்பாக்ஸ் இழப்பு, தொடக்க முறுக்கு எல்லாம் சேர்த்து 0.37 அல்லது 0.75 கிலோவாட் மோட்டார் போடுவார்கள்.

ஆகவே வெண்டாரிடம் மோட்டாரைப் பற்றிக் கேட்காதீர்கள், கியர்பாக்ஸையும், முறுக்குவிசை எல்லை மீறினால் நிறுத்தும் டார்க் சுவிட்சையும் பற்றிக் கேளுங்கள். மின்வெட்டில் சில மணி நேரம் நின்று சேறு இறுகியபின் கை மறுபடி கிளம்பும்போதும், யாரோ தவறவிட்ட ஏணி அடியில் கிடக்கும்போதும் மோட்டார் சளைக்காது, இவ்வளவு குறைத்த வேகத்தில் அது கையையே வளைத்துவிடும். முதலில் அலாரம், அப்புறம் டிரிப், அதுவும் வேலை செய்யாவிட்டால் உடைந்து காப்பாற்ற ஷியர் பின். மூன்றும் எந்த அளவில் என்று படத்தில் எண்ணாக எழுதியிருக்க வேண்டும்.

கிளாரிஃபயர்ல ஒரு பக்கம் தெளிவா, ஒரு பக்கம் சேறா வழியுது. மெக்கானிக்கல் பிரச்சினையா, பிராசஸ் பிரச்சினையா?

முதலில் வியர் மட்டத்தைப் பாருங்கள். விளிம்பைச் சுற்றி ஆங்கில வி வடிவத்தில் வெட்டிய தகடு இருக்கும், ஒவ்வொரு வெட்டிலும் 50 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். அந்த வெட்டில் ஓட்டம் உயரத்தின் இரண்டரை மடியில் கூடும். தகடு ஒரு பக்கம் 5 மில்லிமீட்டர் தாழ்ந்து, எதிர்ப்பக்கம் 5 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தால் 55-க்கு 45. இரண்டரை மடி போட்டால் தாழ்ந்த பக்கம் 65 சதவீதம் அதிகத் தண்ணீர் இழுக்கும். அந்தப் பக்கம் சேறும் கூடவே ஏறிவரும்.

இதனால்தான் வியர் தகட்டில் வட்ட ஓட்டை போடாமல் நீள ஓட்டை போடுகிறோம், ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். தொட்டியில் தண்ணீர் நிரப்பி, தண்ணீர் மட்டத்தையே அளவுகோலாக வைத்து போல்ட் இறுக்குவதுதான் முறை. மட்டம் சரியாக இருந்தும் இப்படி என்றால் பிராசஸ்காரரைக் கூப்பிடுங்கள்.

புளோயர் பைப்பைத் தொட்டா சுடுது. காத்துதானே போகுது, ஏன்?

அமுக்கினால் காற்று சூடாகும், சைக்கிள் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டவர்களுக்குத் தெரியும். ஐந்தரை மீட்டர் ஆழத்தில் டிஃப்யூசர் என்றால் புளோயர் 0.6 பார் அளவுக்கு அழுத்த வேண்டும். 40 டிகிரி வெயிலில் உள்ளே போகும் காற்று வெளியே வரும்போது 110 டிகிரியைத் தொடும்.

சூடானால் பைப் நீளும். 60 மீட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஹெடர், 70 டிகிரி வித்தியாசத்தில் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் நீளும். மைல்டு ஸ்டீல் என்றால் 5. அதை விட்டுக்கொடுக்க, மடிப்பு மடிப்பாகச் சுருங்கி விரியும் பெல்லோஸ் வேண்டும், ஒரு இடத்தில் இறுக்கிப் பிடிக்கும் ஆங்கர் வேண்டும், மற்ற இடங்களில் வழுக்கும் சப்போர்ட் வேண்டும். எல்லா சப்போர்ட்டையும் யூ போல்ட் போட்டு இறுக்கிவிட்டு பெல்லோஸும் வாங்கினால் அந்த பெல்லோஸ் அலங்காரப் பொருள். தண்ணீர் மட்டத்துக்கு மேலே இறங்கும் பைப்பை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும், மூழ்கிய பகுதியை மட்டும் யுபிவிசியிலும் போடுவதும் இந்தச் சூட்டினால்தான். காசு மிச்சம் என்று மேலேயும் யுபிவிசி இழுத்தால் ஒரே கோடையில் தொய்ந்துவிடும்.

304 போடறதா 316 போடறதா? எல்லாத்தையும் 316 போட்டுட்டா நிம்மதிதானே?

இரண்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகைகள், 316 விலை அதிகம். எல்லாம் 316 என்றால் நிம்மதி, ஆனால் டெண்டரில் தோற்பீர்கள். சாதாரண வீட்டுச் சாக்கடையில் மூழ்கி இருக்கும் பாகங்களுக்குப் பல இடங்களில் 304 போதும். குளோரைடு கூடினால், உதாரணத்துக்குக் கடலோரத்தில் உப்பான நிலத்தடி நீர் குழாய்க்குள் கசியும் ஊர்களில், மாலிப்டினம் கலந்த 316 வேண்டும். வெல்டிங் உண்டு என்றால் இரண்டிலும் கார்பன் குறைந்த எல் வகை.

கிரேடைவிடத் தரம் கெடுவது வெல்டிங்கில். சைட்டில் வெல்ட் அடித்துவிட்டு அந்த நீலப் பழுப்பு நிறத்தை ஆசிட் பேஸ்ட் போட்டு எடுக்காமல் விட்டால் 316-ம் துருக் கோடு காட்டும், அப்புறம் "மெட்டீரியல் டூப்ளிகேட்" என்று சண்டை. ஸ்டெயின்லெஸ் உபகரணத்துக்கு ஜிஐ போல்ட் போடுவதும் தப்பு. பெரிய தகடு சின்ன போல்ட்டைத் தின்றுவிடும்.

தண்ணீருக்கு மேலே இருக்கும் ஆவிப் பகுதியை யாரும் யோசிப்பதில்லை. நான் முன்பு சொன்ன ஹைட்ரஜன் சல்ஃபைடை மூடிய அறையின் ஈரச் சுவரில் வாழும் பாக்டீரியா கந்தக அமிலமாக்கும். கான்கிரீட் கூரை உதிர்வது அதனால். செம்பையும் அந்த வாயு கறுக்க வைக்கும், ஆகவே எலக்ட்ரிகல் பேனலை ஸ்கிரீன் அறைக்குள்ளேயே வைக்கச் சொல்லி யாராவது கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சட்டம்தான் இருக்கே, ஆளை இறக்கக் கூடாதுன்னு. அதுக்கும் டிசைனுக்கும் என்ன சம்பந்தம்?

முழுச் சம்பந்தம். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பில்லாமல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-ல் அதை 30 லட்சமாக்கியது. ஆனால் பம்புகள் நிற்கும் சாக்கடைக் கிணறான வெட்வெல்லின் அடியில் பம்ப் மாட்டிக்கொண்டு, சாக்கடை ஏறிக்கொண்டே வரும் ராத்திரியில், மேலே நிற்கும் சூப்பர்வைசருக்கு வேறு வழி இருக்கிறதா இல்லையா என்பதை முடிவு செய்தது நாங்கள் எப்போதோ வரைந்த படம். பம்ப் ஓட்டையில் இடிக்கிறது, செயின் துருப்பிடித்து அறுந்துவிட்டது, கைடு ரெயில் அடியில் சேறு மேடாகி பம்ப் உட்காரவில்லை என்றால் யாரோ ஒருவரை இறங்கச் சொல்வார்கள்.

அதனால் என் மேசைக்கு வரும் எந்தப் படத்துக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: இது கெட்டுப்போனால், உள்ளே யாரும் இறங்காமல் வெளியே எடுக்க முடியுமா? செயின் 316-ஆ, பம்ப் உட்காரும் இடத்தைச் சுற்றித் தரை சரிவாக இருக்கிறதா, வெட்வெல்லை இரண்டாகப் பிரித்து ஒன்றை மட்டும் காலி செய்ய நடுவே கேட் இருக்கிறதா, லெவல் சென்சாரைக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே நின்றே கழற்றலாமா. அந்த நடுக் கேட்டைத்தான் விலை குறைக்கும்போது முதலில் வெட்டுவார்கள். நான் அதற்காகச் சண்டை போடுவேன், மற்றதில் விட்டுக்கொடுப்பேன். தொட்டி உள்ளே ஏணி வரைந்து "பராமரிப்புக்கு" என்று எழுதிவிட்டு நகர்வது எனக்குப் பிடிக்காது.

எங்க ஃபிளாட் எஸ்டிபி (சாக்கடை சுத்திகரிப்பு நிலையம்) நாறுது. டிசைன் தப்பா, ஓட்டறது தப்பா?

பெரும்பாலும் இரண்டும். பில் குறைக்க ராத்திரி புளோயரை நிறுத்துவார்கள், உயிரோடிருக்கும் பாக்டீரியா மூச்சுமுட்டி அழுகும். சேறு எடுக்க லாரி கூப்பிட்டால் செலவு என்று மாதக்கணக்கில் விடுவார்கள். இவை ஓட்டுபவர் தப்பு.

டிசைன் தப்புகள் வேறு வகை. ஏறி இறங்கும் ஓட்டத்தைச் சேர்த்துவைத்துச் சமப்படுத்தும் ஈக்வலைசேஷன் தொட்டியில் கலக்கக் காற்றே கொடுக்காமல் விடுவது. பேஸ்மென்ட்டில் நிலையத்தை வைத்துவிட்டு வெளியேற்றும் காற்றுக் குழாயை மொட்டைமாடிக்குக் கொண்டுபோகாமல் கார் நிற்கும் இடத்திலேயே முடிப்பது. பம்புக்கு மேலே ஒன்றரை அடி தள்ளி பீம் இருப்பது, தூக்கவே முடியாது. 500 வீட்டுக்குப் போட்ட நிலையத்தில் 80 வீடு மட்டும் குடியேறியிருக்கும்போது எப்படி ஓடும் என்று யோசிக்காமல் ஒரே பெரிய புளோயர், ஒரே பெரிய பம்ப் போடுவதும் உண்டு. ராத்திரி ஓட்டத்தைப் பற்றி மேலே சொன்னது இங்கே முதல் இரண்டு வருடம் பகலுக்கும் பொருந்தும்.

திருப்பூர்ல ஜீரோ டிஸ்சார்ஜ்னு சொல்றாங்களே, அதுவும் இதே வேலைதானா?

பெயர் ஒன்று, உலகம் வேறு. நொய்யல் மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. ஒரு சொட்டும் வெளியே விடாமல் ஓட்டுவதாகக் காட்டியவர்கள்தான் மறுபடி திறந்தார்கள். அங்கே ஆர்ஓ ஒதுக்கிய உப்பு நீரைக் கொதிக்கவைத்து உப்பாக்குகிறார்கள். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க சுமார் 2,260 கிலோஜூல் வேண்டும், அதனால் ஒரு கொப்பரையின் ஆவியைக்கொண்டு அடுத்த கொப்பரையைக் கொதிக்கவைக்கும் பல அடுக்கு எவாப்பரேட்டர்.

வீட்டுச் சாக்கடையில் பழகிய ஆளுக்கு இது பாய்லர், வாக்யூம், ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்று முழுக்க வேதித் தொழிற்சாலை வேலை. சூடான உப்பு நீரில் 316 சீக்கிரமே துளை விழும், டூப்ளெக்ஸும் டைட்டானியமும் பேச்சில் வரும். குழாயில் உப்புப் படிவதுதான் தினசரித் தலைவலி, எனவே குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்ய அதன் நீளத்துக்கு வெளியே இடம் விட வேண்டும். லேஅவுட்டில் அதை மறந்த நிலையங்களில் சுவரை உடைத்துத்தான் குழாய் எடுப்பார்கள்.

என்ன சாஃப்ட்வேர் கத்துக்கணும் அக்கா?

தம்பி, ஆட்டோகேட் நன்றாகத் தெரிந்தால் உள்ளே வரலாம். பிளான்ட் 3டி, ரெவிட், இன்வென்டர் இவற்றில் ஒன்று கூடுதல். சீசர் போன்ற பைப் ஸ்ட்ரெஸ் மென்பொருள் எல்லா அலுவலகத்திலும் தேவைப்படாது.

நேர்முகத் தேர்வில் நான் கேட்பது சாஃப்ட்வேர் இல்லை. பைப், வால்வு, கருவிகள் எல்லாம் எப்படி இணைகின்றன என்று காட்டும் ஒரு பி அண்ட் ஐடி படத்தைக் கொடுத்து, இந்த பம்ப் நின்றால் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்பேன். செக் வால்வு, உயரம், சைஃபன் மூன்றையும் யோசிக்கிறவர் போதும். கற்க வேண்டும் என்றால் பம்ப் வளைகோடு, என்பிஎஸ்எச் (பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் இருக்க வேண்டிய அழுத்தம்), சிபிஎச்இஇஓ கையேட்டில் பம்பிங் அத்தியாயம், எஃகுக்கு ஐஎஸ் 2062, டக்டைல் அயர்ன் பைப்புக்கு ஐஎஸ் 8329. டிப்ளமோ படித்தவர்கள் வெண்டார் பக்கம் நுழைந்தால் கையால் பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு கிடைக்கும், பிற்பாடு டிசைனுக்கு வரும்போது அது பெரிய பலம்.

என் பொண்ணு மெக்கானிக்கல் முடிச்சிருக்கா. இந்த லைன்ல விடலாமாம்மா? வெளிநாடு போக வழி இருக்கா?

தாராளமாக விடலாம்மா. எங்கள் பிரிவில் நாங்கள் பல பேர் பெண்கள்தான். சைட்டில் கழிப்பறையும் ராத்திரிப் பயணமும்தான் நிஜமான பிரச்சினை, வேலை இல்லை. சேரும்போதே அதை நேராகக் கேட்டுவிடச் சொல்லுங்கள்.

வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் இந்த அனுபவத்துக்கு மதிப்பு உண்டு. சிங்கப்பூரில் சுத்திகரித்த கழிவுநீரை நியூவாட்டர் என்ற பெயரில் 2003 முதல் வழங்குகிறார்கள். நம் ஊரிலேயே கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தலா 45 எம்எல்டி சாக்கடை நீர் ஆர்ஓ வரை போய் 2019 முதல் தொழிற்சாலைகளுக்குப் பாய்கிறது, அதனால் போகாவிட்டாலும் குறைவில்லை.

மழை வந்தா எல்லா நிலையமும் திணறுதே, அப்போ உங்க 2.25 கணக்கு தப்புதானே?

மாட்டிவிடும் கேள்வி. மழைநீர் வடிகாலும் சாக்கடையும் தனித்தனி என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு அது. தெருவில் தண்ணீர் தேங்கினால் யாராவது மேன்ஹோல் மூடியைத் தூக்கிவிடுகிறார்கள், வீட்டு மாடித் தண்ணீரைச் சாக்கடையில் இணைத்தவர்களும் நிறைய. அந்த நீருக்கெல்லாம் நிலையம் கட்டினால் வருடத்தில் முக்கால்வாசி நாள் அது காலியாகக் கிடக்கும், ராத்திரி ஓட்டத் தொல்லை பகலிலும் வரும்.

நாங்கள் செய்யக்கூடியது, திணறும்போது எது முதலில் மூழ்கும் என்பதை நாமே தேர்ந்தெடுப்பது. பேனல் அறைத் தரையும் புளோயர் அறைத் தரையும் வெள்ள மட்டத்துக்கு மேலே. பம்ப் ஹவுஸில் மோட்டார் மூழ்கினாலும் ஓடும் வகை. ஸ்கிரீன் முன்னால் வழிந்தோடும் பாதை எங்கே போகிறது என்பது வரையப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரே ஒரு பாதையைக் கண்டுபிடிக்கும், அது வழக்கமாகக் கேபிள் டிரெஞ்ச் வழியாக இருக்கும்.

படம் அப்ரூவ் ஆனா உங்க வேலை முடிஞ்சுது, அப்படித்தானே?

நிலையத்தை முதன்முதலாக ஓட்டிக் காட்டும் கமிஷனிங் வரை போன் வந்துகொண்டே இருக்கும். முதலில் நல்ல தண்ணீரில் ஓட்டம். மூன்று ஃபேஸில் இரண்டு மாறிப்போய் பம்ப் தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் தண்ணீர் வரத்தான் செய்யும், "ஹெட் வரலை, பம்ப் சரியில்லை" என்று போன் வந்தால் நான் முதலில் கேட்பது சுற்றும் திசையைத்தான். டிஃப்யூசர்களுக்கு மேல் அரை அடி தண்ணீர் நிரப்பிக் காற்றைத் திறந்து, குமிழி எங்கே கொத்தாக வருகிறது, எங்கே வரவே இல்லை என்று நடந்து பார்க்க வேண்டும். தொட்டி நிறைந்த பிறகு கசியும் ஒரு ஜாயின்ட்டைச் சரிசெய்ய மொத்தத் தொட்டியையும் இறைக்க வேண்டிவரும்.

அதற்கப்புறம் ஆஸ்பில்ட் படம். சைட்டில் மாற்றியதை எல்லாம் திருத்தி எழுதித் தருவது. யாருக்கும் பிடிக்காத வேலை, பில் பாஸாகக் காத்திருக்கும் கடைசித் தவணைக்காகத்தான் பலரும் செய்கிறார்கள். ஐந்து வருடம் கழித்து ஒரு வால்வைத் தேடி மண்ணைத் தோண்டுபவர் கையில் அந்தப் படம்தான் இருக்கும், ஆகவே புதைந்த பைப்பின் ஆழத்தையாவது ஒழுங்காக எழுதுங்கள்.